மனம் திறக்கும் இருக்கை

நுழையும்முன்

விளையாடும்போது முழங்காலில் அடிபட்டால் நாம் உடனே யாரிடமாவது காட்டுகிறோம். அவர் காயத்தைக் கழுவி மருந்திடுகிறார். ஆனால், மனத்தில் ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெற்றோரின் பணி மாற்றத்தால் ஊர் மாறும்போதும், பழகிய நண்பர்களைப் பிரியும்போதும், புதிய வகுப்பில் யாரும் நம்மோடு பேசாதபோதும் மனம் வருந்துகிறது. அந்த வருத்தத்தைச் சொல்ல நமக்குச் சொற்களும் வேண்டும். அதைக் கேட்க ஒருவரும் வேண்டும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் ஜிம்பாப்வே நாட்டில், ஒரு மனநல மருத்துவரும் பதினான்கு பாட்டிமாரும் சேர்ந்து இவ்விரண்டையும் ஒரு மர இருக்கையில் அமைத்துக் காட்டினர். அவர்களுடைய சிகிச்சை முறையை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

வர இயலாமற்போன நோயாளி

ஜிம்பாப்வேயின் தலைநகரம் ஹராரே. அங்கே மனநல மருத்துவராகப் பணியாற்றியவர் டிக்சன் சிபாண்டா. அக்காலத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் இருந்த மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொது மருத்துவமனைகளில் நோயாளிகள் நெடுந்தொலைவிலிருந்து வந்து காத்திருந்தனர். மருத்துவமனைக்கு வருவோரை மட்டுமே மருத்துவர்களால் பார்க்க முடிந்தது.

2005ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண் கடும் மனச்சோர்வுக்கு ஆளானாள். அவளை ஹராரேவுக்கு அழைத்து வந்து சிபாண்டாவிடம் காட்டுவது என்று முடிவு செய்யப்பட்டது. ஆனால், அவள் வரவில்லை. சில வாரங்களுக்குப் பின் அவளுடைய தாய் தொலைபேசியில் அழைத்து, தம் மகள் உயிரிழந்துவிட்டாள் என்னும் செய்தியைக் கூறினார். “சொன்னபடி ஏன் அழைத்து வரவில்லை?” என்று மருத்துவர் கேட்டார். பேருந்துக் கட்டணத்துக்குரிய 15 டாலர் தம்மிடம் இல்லை என்று அத்தாய் விடையளித்தார்.

அவ்விடை சிபாண்டாவின் உள்ளத்தை உலுக்கியது. அவர் கற்ற மருத்துவம் குறைபாடுடையது அன்று. அம்மருத்துவம் அப்பெண் வாழ்ந்த ஊர்வரை செல்லவில்லை; அவளாலும் அதனிடம் வர இயலவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருப்பது போதாது. மக்கள் வாழும் இடத்திற்கே சிகிச்சை செல்ல வேண்டும் என்று அவர் உணர்ந்தார்.

பதினான்கு பாட்டிமார்

அதே 2005ஆம் ஆண்டில் ஜிம்பாப்வே அரசு நகரங்களில் இருந்த குடிசைகளையும் சிறு கடைகளையும் பெருமளவில் இடித்தது. அதனால் சுமார் 7 இலட்சம் மக்கள் வீட்டையோ பிழைப்பையோ இழந்தனர் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. ஹராரேயின் பழைமையான குடியிருப்புகளுள் ஒன்றாகிய எம்பாரேயிலும் மக்கள் துன்புற்றனர். அங்கே மனநலப் பணியைத் தொடங்க சிபாண்டா விரும்பினார். அதற்குப் பணம் இல்லை. மருத்துவ நிலையத்தில் தனி அறை இல்லை. செவிலியர்களுக்கோ ஏற்கெனவே தாங்க முடியாத பணிச்சுமை. அவருக்குத் துணையாகக் கிடைத்தவர்கள் அப்பகுதியில் நலவாழ்வுப் பணி செய்துவந்த பதினான்கு பாட்டிமார் மட்டுமே.

பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாத முதியவர்களால் மனநலச் சிகிச்சை அளிக்க இயலுமா என்னும் ஐயம் முதலில் மருத்துவருக்கே இருந்தது. பழகப் பழக அந்த ஐயம் நீங்கியது. அவர்கள் அக்குடியிருப்பிலேயே வாழ்ந்தவர்கள். வேறு வேலை கிடைத்ததும் ஊரை விட்டுப் போகாதவர்கள். பசியையும் இழப்பையும் தம் வாழ்வில் கண்டவர்கள். பாட்டியை ஷோனா மொழியில் ‘அம்புயா’ என்பர். அம்புயாவின் சொல்லுக்கு அங்கே மதிப்பு மிகுதி. எல்லாவற்றிற்கும் மேலாக, பிறர் பேசும்போது இடையில் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமை அவர்களிடம் இருந்தது.

2006ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. அறை இல்லாததால், மருத்துவ நிலையத்தின் வெளியே ஒரு மர இருக்கை போடப்பட்டது. அதுவே சிகிச்சைக் கூடம் ஆயிற்று.

பெயர் மாறிய இருக்கை

அவ்விருக்கைக்கு ‘மனநல இருக்கை’ என்று பெயரிடலாம் என மருத்துவர் கருதினார். பாட்டிமார் அதற்கு இசையவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் ஒருவரும் வந்து அமரமாட்டார்கள் என்றனர். ‘மனநோயாளி’ என்று ஊரார் தம்மை இகழ்வார்களோ என்னும் அச்சம் மக்களிடம் இருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, அவ்விருக்கை ‘நட்பு இருக்கை’ ஆயிற்று. ஒருவரோடு ஒருவர் யோசனை கலந்துகொள்ளும் இருக்கை என்பது அதன் ஷோனாப் பெயரின் பொருள்.

நோயின் பெயரிலும் இதே கவனம் தேவைப்பட்டது. ‘மனச்சோர்வு நோய்’ என்னும் மருத்துவச் சொல் அம்மக்களுக்குப் பழக்கமானதன்று. ஆனால், அதே துன்பத்தைக் குறிக்க அவர்களிடம் ஒரு சொந்தச் சொல் இருந்தது. அதுவே ‘குஃபுங்கிசிசா’. அளவுக்கு மீறி எண்ணிக்கொண்டே இருத்தல் என்பது அதன் பொருள். உறக்கமின்றி ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப நினைப்பவர்கள், “எனக்குக் குஃபுங்கிசிசா” என்று கூசாமல் சொன்னார்கள். தன் துன்பத்துக்குத் தன் மொழியிலேயே ஒரு பெயர் இருந்ததால், அதைப் பற்றிப் பேசுவதும் எளிதாயிற்று.

மூன்று படிகள்

இருக்கைக்கு வருபவரிடம் முதலில் ஷோனா மொழியில் அமைந்த பதினான்கு வினாக்கள் கேட்கப்படும். இரவில் உறக்கம் வருகிறதா, எண்ணங்கள் மிகுதியாகத் தொல்லை தருகின்றனவா என்பன போன்ற வினாக்கள் அவை. 1990களில் ஹராரேயில் உருவான அவ்வினாப் பட்டியலில் ஓர் இந்தியரின் பங்கு உண்டு. அங்கே ஆய்வு செய்த மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் அதை உருவாக்கியவர்களுள் ஒருவர். கோவாவில் ‘சங்கத்’ என்னும் மனநலத் தொண்டு நிறுவனம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவரும் அவரே.

வினாக்களுக்குப் பின் உரையாடல் தொடங்கும். அவ்வுரையாடல் மூன்று படிகளாக அமைந்தது. அப்படிகளின் பெயர்களும் ஷோனா மொழியிலேயே வழங்கின.

முதற்படி ‘குவுரா ஃபுங்வா’. மனத்தைத் திறத்தல் என்பது இதன் பொருள். வந்தவர் தம் துன்பங்களை எல்லாம் சொல்லுவார், பாட்டி கேட்பார்.

இரண்டாம் படி ‘குசிமுட்சிரா’. உயர்த்துதல் என்பது இதன் பொருள். பல துன்பங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து சிந்திப்பர்.

மூன்றாம் படி ‘குசிம்பிசா’. வலுவூட்டுதல் என்பது இதன் பொருள். எடுத்த முடிவைச் செயற்படுத்த ஊக்கமளித்து, அடுத்த சந்திப்பில் என்ன நிகழ்ந்தது என்று பாட்டி கேட்டறிவார்.

உளவியல் அறிஞர்கள் இம்முறையைச் ‘சிக்கல் தீர்க்கும் சிகிச்சை’ என்பர். வழக்கமாக ஏறத்தாழ ஆறு சந்திப்புகளில் இச்சிகிச்சை நிறைவுறும்.

ஒரு சந்திப்பைக் கற்பனை செய்வோம்

இம்முறை எவ்வாறு நடைபெறும் என்பதை ஒரு கற்பனை உரையாடல் வழியாகக் காண்போம்.

ஒரு பெண் இருக்கையில் வந்து அமர்கிறாள். நெடுநேரம் பேசவில்லை. பாட்டியும் அவளை விரைவுபடுத்தவில்லை.

“எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை, அம்புயா.”

“எதிலிருந்தும் தொடங்கலாம், மகளே. எனக்கு நேரம் இருக்கிறது.”

“கணவருக்கு வேலை போயிற்று. இரண்டு மாத வாடகை பாக்கி. மகனைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டணம் இல்லை. தங்கையோடு பேச்சு நின்று ஓராண்டு ஆகிறது. இரவெல்லாம் இவையே தலைக்குள் சுற்றுகின்றன. எனக்கு ஒன்றுமே செய்யத் தெரியாது.”

‘கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்’ என்று பாட்டி கூறவில்லை. ‘நீ செய்தது தவறு’ என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தாம் கேட்டவற்றைத் திருப்பிச் சொல்கிறார்.

“வேலை, வாடகை, பள்ளிக் கட்டணம், தங்கை என்று நான்கு துன்பங்களைச் சொன்னாய். நான் எதையாவது விட்டுவிட்டேனா?”

“இல்லை, அம்புயா. நான்கும் அவைதாம்.”

“நான்கையும் ஒருசேரத் தூக்க யாராலும் இயலாது. இந்த வாரம் எதை முதலில் எடுக்கலாம்? நீயே சொல்.”

அவள் சிறிது நேரம் சிந்திக்கிறாள்.

“பள்ளிக் கட்டணம். அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.”

“அதற்கு என்னென்ன செய்யலாம்?”

“தலைமையாசிரியரிடம் தவணை கேட்கலாம். சந்தையில் தக்காளி விற்கலாம். தங்கையிடம் கடன் கேட்கலாம். ஆனால், அது கடினம்.”

“இம்மூன்றில் உன்னால் இவ்வாரமே செய்யக்கூடியது எது?”

“தலைமையாசிரியரைப் பார்க்கலாம். வியாழக்கிழமை காலையில் போகிறேன்.”

“போய் வந்து என்னிடம் சொல். அவர் இசையாவிட்டாலும் வா. வேறு வழியைச் சேர்ந்து பார்ப்போம்.”

இவ்வுரையாடலைச் சற்று உற்று நோக்குங்கள். பாட்டி ஒரு வழியையும் தாமாகச் சொல்லவில்லை. வழிகளைக் கூறியவளும், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவளும், நாளைக் குறித்தவளும் அப்பெண்ணே. ‘எனக்கு ஒன்றுமே செய்யத் தெரியாது’ என்று வந்தவள், வியாழக்கிழமை செய்யவேண்டிய ஒரு செயலோடு எழுந்து செல்கிறாள். அவளுடைய வறுமை ஒரே நாளில் தீர்ந்துவிடாது. ஆயினும், தன்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியும் என்னும் நம்பிக்கை அவளுக்குப் பிறக்கிறது. அந்த நம்பிக்கையே அடுத்த சிக்கலை எதிர்கொள்ளவும் உதவுகிறது.

சந்திப்புகள் முடிந்தபின் குணமடைந்தோர் ஒரு குழுவாகக் கூடுவதற்கும் வழி செய்யப்பட்டது. அக்குழுவில் அவர்கள் பழைய நெகிழிப் பைகளைக் கீற்றுகளாக்கிப் புதிய பைகளைப் பின்னினர், பின்னிக்கொண்டே பேசினர். அது சிறு வருவாயாகவும் ஆறுதலாகவும் அமைந்தது.

பாட்டிமார் தம் எல்லையையும் அறிந்திருந்தனர். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து இருப்பதாகவோ நோய் கடுமையாக இருப்பதாகவோ தெரிந்தால், அவரை உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்புவர்.

பயன் தந்ததா?

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் எல்லாச் செயல்களும் பயன் தந்துவிடுவதில்லை. ஆதலால், சிபாண்டா தம் முறையை ஆய்வுக்கு உட்படுத்தினார். ஹராரே பகுதியின் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேர் அவ்வாய்வில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் நட்பு இருக்கையில் பாட்டிமாரோடு பேசினர். மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை சற்று மேம்படுத்தி அளிக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பிறகு இரு பிரிவினரும் ஒப்பிடப்பட்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 50 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நட்பு இருக்கையில் அமர்ந்தோரிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரிடம் மட்டுமே அவை இருந்தன. இம்முடிவு 2016ஆம் ஆண்டு திசம்பர் மாதம் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. பின்னர், மலாவி, சான்சிபார், நியூயார்க் முதலிய இடங்களிலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

நம் மொழி, நம் இருக்கை

மாணவர்களே! நீங்கள் வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறீர்கள்; வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். ‘மனம் சரியில்லை’, ‘நெஞ்சு கனக்கிறது’, ‘ஏக்கமாக இருக்கிறது’ என்று சொல்லத் தமிழில் எத்தனையோ சொற்கள் உள்ளன. ஊரில் இருக்கும் பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது, “ஏன் குரல் ஒரு மாதிரியாக இருக்கிறது?” என்று அவர் கேட்டுவிடுகிறார் அல்லவா? அவ்வினாவுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று விடை கூறி முடித்துவிடாமல், உள்ளதைச் சொல்லத் தொடங்கினால் அதுவே முதற்படியாகும்.

பெற்றோர், ஆசிரியர், பள்ளியில் உள்ள மாணவர் ஆலோசகர் ஆகியோரும் நம் சொற்களைக் கேட்கக் கூடியவர்கள். உறக்கம், உணவு, விளையாட்டு, படிப்பு ஆகியவற்றில் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், கட்டாயம் ஒரு பெரியவரிடம் சொல்லி மருத்துவ உதவி பெற வேண்டும். தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நண்பர் ஒருவர் அத்தகைய எண்ணத்தை நம்மிடம் இரகசியமாகக் கூறினாலும், அதை நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே தெரிவிப்பதே உண்மையான நட்பு.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி மனநலச் சேவையைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இச்சேவை தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. துன்பத்தில் உள்ள சிறார்க்கு உதவும் எண் 1098.

சொல்லும் பொருளும்

இகழ்தல் – இழிவாகப் பேசுதல்
இசைதல் – உடன்படுதல்
உலுக்குதல் – வலுவாக அசைத்தல்
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்
கூசாமல் – வெட்கப்படாமல்
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் முறை
நாட்டம் – விருப்பம்
நெகிழி – பிளாஸ்டிக்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘குஃபுங்கிசிசா’ என்னும் சொல்லின் பொருள் ________.
அ) மனத்தைத் திறத்தல் ஆ) வலுவூட்டுதல் இ) அளவுக்கு மீறி எண்ணுதல் ஈ) பாட்டி

2. நட்பு இருக்கையில் முதலில் பணியாற்றிய பாட்டிமாரின் எண்ணிக்கை ________.
அ) 10 ஆ) 14 இ) 24 ஈ) 50

3. ‘அவ்விடை’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ________.
அ) அவ் + விடை ஆ) அ + இடை இ) அ + விடை ஈ) அவை + இடை

ஆ. குறுவினா

1. இளம்பெண்ணால் மருத்துவரிடம் வர இயலாமற்போனதற்குக் காரணம் யாது?
2. ‘மனநல இருக்கை’ என்னும் பெயரைப் பாட்டிமார் ஏற்காதது ஏன்?
3. எத்தகையோரைப் பாட்டிமார் மேல் சிகிச்சைக்கு அனுப்பினர்?

இ. சிறுவினா

1. சிகிச்சையின் மூன்று படிகளை விளக்குக.
2. நட்பு இருக்கையின் பயன் ஆய்வின் வழி எவ்வாறு அறியப்பட்டது?

ஈ. நெடுவினா

கற்பனை உரையாடலில் பாட்டி செய்தவற்றையும் செய்யாமல் தவிர்த்தவற்றையும் தொகுத்து, அவற்றால் விளைந்த நன்மையை விளக்குக.

உ. சிந்தனை வினா

பாட்டி தாமே ஒரு தீர்வைக் கூறியிருந்தால் அப்பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும்? உம் கருத்தை எழுதுக.

ஊ. மொழிப்பயிற்சி

1. பெயரெச்சத் தொடர், வினையெச்சத் தொடர் என வகைப்படுத்துக.
எடுத்துக்காட்டு: திறந்த மனம் – பெயரெச்சத் தொடர், திறந்து பேசினாள் – வினையெச்சத் தொடர்.
அமர்ந்த பாட்டி, கேட்டு முடித்தார், பின்னிய பை, சென்று பார்த்தாள், இழந்த மக்கள்.

2. மரபுத்தொடர்களைப் பயன்படுத்திச் சொந்தத் தொடர் அமைக்க.
மனம் விட்டுப் பேசுதல், காது கொடுத்துக் கேட்டல், தோள் கொடுத்தல், கண் கலங்குதல்.

கற்பவை கற்றபின்

1. மனத்தின் வருத்தத்தைக் குறிக்க உம் பாட்டி, தாத்தா அல்லது பெற்றோர் வழங்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றுள் நீர் இதுவரை அறியாத சொல் எது?

2. உம் தோழர் ஒருவரோடு இணைந்து அமர்க. அவர் அண்மையில் தமக்கு நேர்ந்த ஒரு சிறு சிக்கலை மூன்று நிமிடம் சொல்லட்டும். நீர் அறிவுரை கூறாமலும் குறுக்கிடாமலும் கேட்டபின், கேட்டதை அவரிடமே திருப்பிச் சொல்லுக. எதையாவது விட்டுவிட்டீரா என்று அவரிடம் கேட்டு அறிக. பின்னர் இருவரும் இடம் மாறுக.